ஓட்டு போட்டும் ஒண்ணும் மாறலன்னா? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதம், மெயில் எல்லாத்துலயும் பாதிக்கு மேல ஒரே கவலைதான். உலகப் பொருளாதாரம் இப்படி ஆட்டம் காணுதே, ஜனநாயகம் தாங்குமான்னு கேட்டிருக்கீங்க. அதனால மத்த கேள்விகள அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சுட்டு இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் உக்காந்து பதில் எழுதுறேன்.

கே: சந்தையத் திறங்க, வரியக் குறைங்கன்னு முப்பது வருஷமா எல்லாருக்கும் பாடம் எடுத்த அமெரிக்காவே இப்ப வரிய ஏத்துது. என்னதான் நடக்குது? – ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

கொஞ்சம் பின்னாடி போகணும் சார். 1930 ஜூன்ல அமெரிக்கா ஸ்மூட்-ஹாலி சட்டம்னு ஒண்ணு போட்டு இறக்குமதி வரிய ஏகத்துக்கு ஏத்துச்சு, மத்த நாடுங்க சும்மா இருக்குமா, அவங்களும் பதிலுக்கு ஏத்துனாங்க, ஏற்கனவே சரிஞ்சுக்கிட்டிருந்த வர்த்தகம் இன்னும் வேகமா சரிஞ்சுது. 1929ல இருந்து 1934க்குள்ள உலக வர்த்தகத்தோட மதிப்பு மூணுல ரெண்டு பங்கு காணாம போச்சு. அப்புறம் போர் வந்துச்சு. அந்தப் போர் முடியறதுக்கு முன்னாடியே, 1944 ஜூலைல, 44 நாட்டு பிரதிநிதிங்க பிரெட்டன் உட்ஸ்ங்கிற இடத்துல ஒரு ஓட்டல்ல கூடி ஐஎம்எஃப் (நெருக்கடில இருக்கிற நாட்டுக்குக் கடன் குடுக்கிற சர்வதேச நாணய நிதியம்), உலக வங்கி ரெண்டுக்கும் அஸ்திவாரம் போட்டாங்க. ஒரு அவுன்ஸ் தங்கம் 35 டாலர், மத்த கரன்சி எல்லாம் டாலரப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும்னு ஏற்பாடு. அந்தத் தங்கக் கணக்க 1971 ஆகஸ்ட் 15ல அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் முடிச்சு வச்சுட்டார். 1995ல உலக வர்த்தக அமைப்பு வந்துச்சு, 2001 டிசம்பர்ல சீனா அதுல சேந்துச்சு.

அதுக்கப்புறம் நடந்தத சொல்றப்ப ரெண்டு பக்கமும் சொல்லணும். கோடிக்கணக்கான ஜனங்க, முக்கியமா ஆசியாவுல, வறுமைல இருந்து மேல வந்தாங்க, அது சாதாரண விஷயம் கிடையாது. அதே நேரத்துல அமெரிக்காவுல 2000ல சுமார் 1 கோடியே 70 லட்சமா இருந்த தொழிற்சாலை வேலை 2010ல சுமார் 1 கோடியே 15 லட்சமா குறைஞ்சுது. எல்லாத்தையும் சீனா தலைல கட்ட முடியாது, மெஷின் வந்ததும் காரணம், 2008ல லேமன் பிரதர்ஸ்ங்கிற பெரிய பேங்க் கவுந்ததும் காரணம். ஆனா டேவிட் ஆட்டர் மாதிரி பொருளாதார ஆய்வாளர்கள் வட்டாரம் வட்டாரமா கணக்கெடுத்துப் பாத்தப்ப ஒண்ணு தெரிஞ்சுது. ஒரு ஃபேக்டரி மூடுனா ஆளுங்க வேற ஊருக்குப் போய் வேற வேலை தேடிக்குவாங்கன்னு பாடப்புத்தகத்துல இருந்துச்சு, நிஜத்துல பெருசா அப்படி நடக்கல. வேலையும் போய், ஊரும் சோந்து போய், ஜனங்க அங்கயே இருந்தாங்க. லாபம் நாடு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா பரவுச்சு, நஷ்டம் மட்டும் சில ஊர்க்காரங்க தலைல மொத்தமா விழுந்துச்சு. அவங்களுக்கு ஏதாவது பண்ணுங்கன்னு சொன்னவங்கள யாரும் சரியா காது கொடுத்துக் கேக்கல. அந்தக் கோவம்தான் இருபது வருஷம் கழிச்சு வரியா வந்து நிக்குது.

இதுக்கு நடுவுல பஞ்சாயத்து பண்ற இடமும் போயிருச்சு. உலக வர்த்தக அமைப்புல மேல்முறையீட்டு அமர்வுன்னு ஒண்ணு உண்டு, மொத்தம் ஏழு பேர், ஒரு வழக்கக் கேக்க மூணு பேராவது வேணும். புது ஆளுங்கள நியமிக்க விடாம அமெரிக்கா தடுத்துக்கிட்டே வந்துச்சு, 2019 டிசம்பர்ல மிச்சம் ஒரே ஒருத்தர். அதோட அது நின்னு போச்சு. 2025 ஏப்ரல் 2ல ட்ரம்ப் கிட்டத்தட்ட எல்லா நாட்டுக்கும் குறைஞ்சபட்சம் 10 சதவீதம்னு அறிவிச்சார், அடுத்த சில நாள்ல சீனா மேல அது 145 வரைக்கும் ஏறி, மே மாசம் ஜெனீவாவுல பேசி இறக்குனாங்க. எனக்கு இந்த சதவீதத்த விட பெரிய கவலை வேற. அமெரிக்க அரசியல் சாசனப்படி இறக்குமதி வரி போடுற அதிகாரம் நாடாளுமன்றத்தோடது. 2025ல நடந்தது 1977ல போட்ட ஒரு அவசரநிலைச் சட்டத்தக் காட்டி ஒருத்தர் கையெழுத்துல. வரி நல்லதா கெட்டதாங்கிற விவாதம் அப்புறம், அத முடிவு பண்ண வேண்டியவங்க முடிவு பண்ணலங்கிறது முதல் விஷயம்.

கே: ஜெர்மனில பணவீக்கம் வந்ததாலதான் ஹிட்லர் வந்தார்னு படிச்சிருக்கேன். அப்ப விலைவாசி தாறுமாறா ஏறுனா சர்வாதிகாரம் வரும்னு எடுத்துக்கலாமா? – கல்லூரி மாணவி

ரொம்ப பேரு மனசுல இருக்கிற தப்புக் கணக்கும்மா இது. ஜெர்மனில காச கூடைல அள்ளிக்கிட்டு போன வருஷம் 1923. அதுக்கு அஞ்சு வருஷம் கழிச்சு, 1928 மே தேர்தல்ல நாஜி கட்சி வாங்குனது வெறும் 2.6 சதவீதம். 1930 செப்டம்பர்ல அது 18.3 ஆச்சு. 1932 ஜூலைல 37.3. இந்த நாலு வருஷத்துல நடந்தது விலை ஏத்தமே இல்ல. விலை இறங்குச்சு, கூலி இறங்குச்சு, வேலை போச்சு, 1932 ஆரம்பத்துல 60 லட்சம் பேர் வேலை இல்லாம நின்னாங்க. அப்ப சான்சலரா இருந்த ப்ரூனிங் என்ன பண்ணுனார்னா, அரசு சம்பளத்த வெட்டுனார், உதவித்தொகைய வெட்டுனார், வரிய ஏத்துனார். பார்லிமென்ட்ல அதுக்கு ஆதரவு கிடைக்கல, அதனால சாசனத்தோட 48வது பிரிவ எடுத்து ஜனாதிபதி கையெழுத்துல அவசர ஆணையா போட்டுக்கிட்டே போனார். ஹிட்லர் 1933 ஜனவரி 30ல பதவிக்கு வர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே பார்லிமென்ட்டுக்கு வேலை இல்லாம போயிருச்சுன்னே சொல்லலாம். தான் யாருக்கு ஓட்டு போட்டாலும் அதே வெட்டுதான் வரும்னு ஒரு ஜெர்மன் தொழிலாளி நெனச்சா, அவன எப்படிக் குத்தம் சொல்றது?

அதே மந்தம் அமெரிக்காவையும்தான் அடிச்சுது. 1933ல அங்க சுமார் நாலு பேர்ல ஒருத்தருக்கு வேலை இல்ல. ஆனா 1932 நவம்பர்ல ஜனங்க ஆள மாத்துனாங்க, 1933 மார்ச்ல ரூஸ்வெல்ட் வந்து முதல் வேலையா பேங்க்குகள மூடி, சோதிச்சு, திறந்தார், வேலைத் திட்டம் வந்துச்சு, 1935ல சோஷியல் செக்யூரிட்டி சட்டம் வந்துச்சு. எல்லாமே ஜெயிச்சுதுன்னு சொல்ல வரல, 1937ல மறுபடி ஒரு சரிவு வந்துச்சு, கறுப்பின மக்கள்ல நிறைய பேருக்கு இந்தச் சலுகை எட்டவே இல்ல. இருந்தாலும் ஓட்டு போட்டதுக்கு நாட்டுல ஏதோ ஒண்ணு மாறுதுன்னு ஜனங்க கண்ணால பாத்தாங்க.

கஷ்டம் ரெண்டு நாட்டுலயும் ஒண்ணுதான். நான் படிச்ச வரைக்கும் ஆபத்து ஆரம்பிக்கிற இடம், ஓட்டு போட்டும் ஒண்ணும் மாறாதுன்னு ஜனங்க முடிவுக்கு வர்ற இடம்தான். கீழ வர்ற பதில்கள்லயும் திரும்பத் திரும்ப இங்கயேதான் வந்து நிப்பேன்.

கே: கடன் கொடுத்தவன் சொல்றதத்தான் எந்த கவர்ன்மென்ட்டும் கேக்கணும்னா தேர்தல் எதுக்கு?

இதே கேள்விய கடன்ல மூழ்கியிருந்த கிரீஸ் நாட்டு ஜனங்க 2015ல வாக்குச்சீட்டுலயே கேட்டுப் பாத்தாங்க. ஜூன் கடைசில பேங்க் எல்லாத்தையும் மூடியாச்சு. ஏடிஎம்ல ஒரு கார்டுக்கு ஒரு நாளைக்கு 60 யூரோதான். பல மிஷின்ல 20 யூரோ நோட்டு தீந்து போயி, 50 மட்டும்தான் வந்துச்சு. கார்டே இல்லாத பென்ஷன்காரங்களுக்காக சில கிளைகள மட்டும் திறந்து விட்டாங்க, வயசானவங்க காலைல இருந்தே கதவப் பிடிச்சுக்கிட்டு கூட்டமா நின்னாங்க. இந்த நெலமைல ஜூலை 5ல வாக்கெடுப்பு. கடன் கொடுத்தவங்க போட்ட நிபந்தனை வேணாம்னு 61 சதவீதம் பேர் சொன்னாங்க. ஜூலை 13 காலைல பிரதமர் சிப்ராஸ் பிரசல்ஸ்ல ராத்திரி முழுக்கப் பேசிட்டு, ஏறக்குறைய அதே மாதிரி நிபந்தனைக்கு ஒத்துக்கிட்டு வெளிய வந்தார். எட்டே நாள்.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லணும், யூரோவுல இருந்த மத்த 18 நாட்டுலயும் ஓட்டு போட்ட ஜனங்க இருக்காங்க, கடனா போறது அவங்க வரிப்பணம். கிரீஸோட பழைய அரசுகள் கணக்க மறச்சதும் உண்மை. ஆனா விளைவப் பாருங்க. அந்த வருஷம் ஜனவரி தேர்தல்ல சுமார் 64 சதவீதம் பேர் ஓட்டு போட்டாங்க, செப்டம்பர்ல மறுபடி தேர்தல் வந்தப்ப அது சுமார் 57. நடுவுல இருந்தது எட்டு மாசம்தான்.

தென் கொரியாவுல வேற மாதிரி நடந்துச்சு. 1997 டிசம்பர் 3ல அவங்க ஐஎம்எஃப் கிட்ட கையெழுத்து போட்டப்ப ஜனங்க அத தேசிய அவமானமாவே பாத்தாங்க, ஜனாதிபதி தேர்தல் பதினஞ்சு நாள்ல. அந்த நெருக்கடிக்கு நடுவுல, முன்னாடி ராணுவ ஆட்சில மரண தண்டனை விதிக்கப்பட்ட எதிர்க்கட்சித் தலைவர் கிம் டே-ஜுங் ஜெயிச்சார். நிபந்தனைய அவரும்தான் ஏத்துக்கிட்டார், ஆனா பதவி ஏக்கறதுக்கு முன்னாடியே தொழிற்சங்கம், முதலாளிங்க, அரசு மூணு பேரையும் ஒரே மேசைல உக்கார வச்சு யார் எவ்வளவு வலிய தாங்குறதுன்னு பேச வச்சார். அது எல்லாருக்கும் நியாயமா முடிஞ்சுதுன்னு தொழிற்சங்கக்காரங்க இன்னைக்கும் ஒத்துக்க மாட்டாங்க, லட்சக்கணக்குல வேலை போச்சு. ஆனாலும் அந்தக் குளிர்காலத்துல ஜனங்க வரிசைல நின்னு கல்யாண மோதிரம், குழந்தையோட முதல் பிறந்தநாளுக்குப் போட்ட குட்டி மோதிரம்னு கொண்டு வந்து நாட்டுக் கடனுக்காகக் குடுத்தாங்க, சுமார் 35 லட்சம் பேர், 220 டன்னுக்கு மேல தங்கம். ஐஎம்எஃப் கடன 2001 ஆகஸ்ட்லயே, கெடுவுக்கு முன்னாடி, கட்டி முடிச்சாங்க. தாங்க முடிவெடுத்த மாதிரி ஒரு எண்ணம் இருந்ததாலதான் அந்த மோதிரம் விரல விட்டுக் கழண்டுச்சுன்னு நான் நம்புறேன். கடன் நிபந்தனைய மூடுன கதவுக்குள்ள பேசி முடிக்காம, பார்லிமென்ட்ல வச்சு எங்க வெட்டுறது எங்க வெட்டக் கூடாதுன்னு விவாதிச்சாலே பாதி நஞ்சு இறங்கிரும்.

கே: பார்லிமென்ட், விவாதம்னு நேரத்த வீணாக்காம பலமான ஒரு தலைவர் கைல நாட்டக் குடுத்தா பொருளாதாரம் சரியாயிரும்னு எங்க அப்பா சொல்றார். அவருக்கு என்ன பதில் சொல்றது?

தம்பி, அப்பாவோட சலிப்பு நியாயமானதுதான், அத மறுத்துப் பேசாதீங்க. அவருக்கு இலங்கை கதைய பொறுமையா சொல்லுங்க. 2019 நவம்பர்ல கோட்டாபய ராஜபக்ச 52 சதவீத ஓட்டு வாங்கி நியாயமா ஜெயிச்சு வந்தார், 2020 ஆகஸ்ட்ல பார்லிமென்ட்லயும் மூணுல ரெண்டு பங்கு பலம், அக்டோபர்ல அரசியல் சாசனத்துல 20வது திருத்தம் போட்டு அதிகாரத்த எல்லாம் தன் கைக்குக் கொண்டு வந்துட்டார். பலமான தலைவர்னா இதுக்கு மேல என்ன வேணும்? வாட் வரிய 15ல இருந்து 8 சதவீதமா வெட்டுனாங்க, வருமானம் விழுந்துச்சு. 2021 ஏப்ரல்ல ஒரே முடிவா ரசாயன உரம் இறக்குமதிக்குத் தடை. விவசாயிங்களும் வேளாண் விஞ்ஞானிங்களும் வேணாம்னு கத்துனாங்க, கேக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்ல. நெல் விளைச்சல் விழுந்துச்சு, நவம்பர்ல தடைய எடுத்தப்ப போகம் போயிருச்சு. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பும் கோவிடும் டூரிசத்த அடிச்சது உண்மை, அதுக்கு அவர் பொறுப்பில்ல. ஆனா கையிருப்பு கரையுது, ஐஎம்எஃப் கிட்ட சீக்கிரம் போங்கன்னு சொன்னவங்களையும் மாசக்கணக்குல ஒதுக்கித்தான் வச்சிருந்தாங்க.

2022 மார்ச்ல மேல் மாகாணத்துல பள்ளிக்கூடப் பரீட்சைய தள்ளி வச்சாங்க. காரணம், கேள்வித்தாள் அச்சடிக்க பேப்பர் இல்ல. பேப்பர் வாங்க டாலர் இல்ல. அதே மாசம் எரிபொருள் வரிசைல மணிக்கணக்கா வெயில்ல நின்ன வயசானவங்க அங்கயே விழுந்து செத்தாங்க. ஏப்ரல் 12ல வெளிநாட்டுக் கடனக் கட்ட முடியாதுன்னு அறிவிப்பு, செப்டம்பர்ல பணவீக்கம் சுமார் 70 சதவீதம். அவர் ஜூலைலயே நாட்ட விட்டுப் போயிட்டார். வேணாம்னு சொல்ல ஒரு பார்லிமென்ட் இருந்திருந்தா அந்த உரத் தடை ஒரு சோதனை வயலோட நின்னிருக்கும். 2024 செப்டம்பர்ல அங்க மறுபடி ஓட்டுச்சீட்டுலயேதான் மாத்துனாங்க, 2019ல 3 சதவீதம் வாங்குன அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதி ஆனார், அதையும் அப்பாகிட்ட மறக்காம சொல்லுங்க.

கே: டாலரோட காலம் முடிஞ்சுதா?

இன்னும் இல்ல. 1999ல உலக மத்திய வங்கிகளோட கையிருப்புல சுமார் 71 சதவீதம் டாலர், இப்ப 60க்குக் கீழ. இறங்குது, ஆனா மெதுவா. 2022ல உக்ரைன் மேல படையெடுத்ததுக்காக ரஷ்ய மத்திய வங்கியோட சுமார் 300 பில்லியன் டாலர் சொத்த மேற்கு நாடுங்க முடக்குனப்புறம் நிறைய நாடுங்க தங்கம் வாங்கிச் சேக்குது. பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா எல்லாம் இருக்கிற பிரிக்ஸ் கூட்டமைப்பும் பெருசாகுது. அதனால ஜனநாயகத்துக்கு உடனே நல்லதும் இல்ல கெட்டதும் இல்ல, பிரிக்ஸ்குள்ள எல்லா விதமான ஆட்சியும் இருக்கு.

கே: ஜனநாயகம் கையவிட்டுப் போகுதுங்கிறத முன்கூட்டியே கண்டுபிடிக்க ஏதாவது அடையாளம் இருக்கா? – வங்கி ஊழியர்

நீங்க கணக்குல இருக்கிறவர், அதனால கணக்குல இருந்தே ஆரம்பிக்கிறேன். புள்ளிவிவரம் எடுக்கிறவங்க மேல கை வைக்கிறாங்களான்னு பாருங்க. அர்ஜென்டினாவுல 2007ல பணவீக்கக் கணக்கு எடுத்த அதிகாரிகள மாத்துனாங்க, அதுக்கப்புறம் அரசு சொன்ன விலைவாசியும் கடைல இருந்த விலைவாசியும் வேற வேற ஆச்சு, 2013 பிப்ரவரில ஐஎம்எஃப் அந்த நாட்ட வெளிப்படையா கண்டிச்சுது. அமெரிக்காவுல 2025 ஆகஸ்ட் 1ல வேலைவாய்ப்பு எண்ணிக்கை மோசமா வந்துச்சு, அன்னைக்கே அந்தப் புள்ளியியல் அலுவலகத்தோட தலைவர ட்ரம்ப் வேலைய விட்டு எடுத்துட்டார். துருக்கில வட்டிய ஏத்துறதே பிடிக்காத ஜனாதிபதி எர்டோகன் 2019ல இருந்து 2021க்குள்ள மூணு மத்திய வங்கி கவர்னர மாத்துனார், 2022 அக்டோபர்ல பணவீக்கம் 85 சதவீதம். உண்மையான எண்ணு இல்லாம ஒரு வாக்காளர் எத வச்சு ஆட்சிய எடை போடுவார், சொல்லுங்க?

அடுத்தது ஜட்ஜுங்க. ஹங்கேரில ஓர்பன் கட்சி 2010ல சுமார் 53 சதவீத ஓட்டுல மூணுல ரெண்டு பங்கு சீட்டு வாங்குச்சு. 2008 நெருக்கடில வெளிநாட்டு கரன்சில வீட்டுக் கடன் வாங்கித் திண்டாடுன ஜனங்களோட கோவம் அதுல பெரிய பங்கு. வந்ததும் நீதிபதிங்க ஓய்வு வயச 70ல இருந்து 62க்கு இறக்குனாங்க, இருநூறுக்கும் மேல நீதிபதிங்க ஒரே நேரத்துல வெளிய. 2012ல ஐரோப்பிய நீதிமன்றம் தப்புன்னு தீர்ப்பு சொன்னப்ப அந்த நாற்காலில பெரும்பாலும் புது ஆளுங்க உக்காந்தாச்சு. துப்பாக்கி இல்ல, ராணுவ லாரி இல்ல, எல்லாம் கெசட்டுல வந்த ஓய்வு வயசு திருத்தம். பேப்பர்ல எட்டாவது பக்கத்துல வர்ற செய்தி. அத படிங்க.

கே: ஒரு தடவ போனா திரும்பக் கிடைக்குமா?

போலந்துல 2023 அக்டோபர் 15 தேர்தல் நடந்துச்சு. எட்டு வருஷமா ஆட்சில இருந்த பிஐஎஸ் கட்சி நீதிமன்றத்தையும் அரசு டிவியையும் தன் கைக்குக் கொண்டு வந்திருந்துச்சு. அவங்க மேல ஜனங்களுக்கு இருந்த நம்பிக்கை பொய்யும் இல்ல, 2016ல இருந்து குழந்தைக்கு மாசம் 500 ஸ்லோட்டி கைல கிடைச்சுது, ஓட்டு போட்டு முதல் தடவையா ஏதோ மாறுச்சுன்னு நெனச்ச குடும்பங்க நிறைய. எதிர்க்கட்சிக்காரங்க அந்தப் பணத்த நிறுத்த மாட்டோம்னு உறுதி குடுத்தப்புறம்தான் அவங்க பேச்ச ஜனங்க காது குடுத்துக் கேட்டாங்கன்னு எனக்குத் தோணுது.

வ்ராட்ஸ்வாஃப் நகரத்துல யாகோட்னோங்கிற பகுதில, ராத்திரி 9 மணிக்கு ஓட்டுப்பதிவு முடியணும். ஆனா வரிசை வளைஞ்சு வளைஞ்சு நிக்குது. வரிசைல நிக்கிறவங்க ஓட்டு போட்டுத்தான் போகணும்னு சட்டம், அவங்களும் நகரல. குளிரு. அக்கம்பக்கத்துக்காரங்க டீ கொண்டு வந்தாங்க, கம்பளி கொண்டு வந்தாங்க, யாரோ பீட்ஸா அனுப்புனாங்க. ஒன்பது மணிக்கே டிவில கருத்துக்கணிப்பு வந்து ஆளும் கட்சி பெரும்பான்மை இழக்குதுன்னு தெரிஞ்சிருச்சு, அப்பவும் யாரும் வீட்டுக்குப் போகல. கடைசி ஓட்டு விழுந்தப்ப மணி கிட்டத்தட்ட மூணு. நாடு முழுக்க 74 சதவீதம் பேர் ஓட்டு போட்டாங்க.

டிசம்பர்ல எதிர்க்கட்சித் தலைவர் டஸ்க் பிரதமர் ஆனார், அதுக்கப்புறம்தான் கஷ்டமான வேலை. பழைய ஆட்சி மாத்தி அமைச்ச நியமன முறைல வந்த நீதிபதிங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க. அவங்க விவாகரத்து குடுத்திருக்காங்க, சொத்து வழக்கு முடிச்சிருக்காங்க, தண்டனை குடுத்திருக்காங்க. அவங்க நியமனம் செல்லாதுன்னா அந்தத் தீர்ப்பு எல்லாம் என்ன ஆகும்? சரி பண்ண சட்டம் கொண்டு வந்தா ஜனாதிபதி கையெழுத்து வேணும், அவர் பழைய கட்சி பக்கம். 2025 ஜூன்ல ஜனாதிபதி தேர்தல் வந்துச்சு, அதுலயும் அந்தக் கட்சி ஆதரிச்ச நவ்ராட்ஸ்கிதான் 50.9 சதவீதம் வாங்கி ஜெயிச்சார். அதனால திரும்பக் கிடைக்குமான்னு கேட்டா, ஆட்சி ஒரே ராத்திரில கிடைச்சுது, கோர்ட்ட மீட்டு எடுக்கிற வேலைல அவங்க இன்னும் பாதி வழிலதான் இருக்காங்க.